அம்மா வாயாலை சொல்லக்கூடாதது

ஒஸ்லோவிலை என்ரை மகள் பிறந்து கொஞ்ச நாளிலை என்ரை வங்கிக் கணக்கிலை ஒரு காசு வந்து விழுந்தது. ஆர் போட்டது, ஏன் போட்டது எண்டு எனக்கு விளங்கேல்லை. அந்தக் கணக்கு நான் நோர்வேக்கு வந்த புதிசிலை என்ரை மனிசன், இவர், சும்மா என்ரை பேரிலை திறந்து விட்டது, அதுக்குள்ளை ஒருநாளும் ஒண்டும் இருந்ததில்லை. ஆற்றையோ காசு பிழையாய் வந்திட்டுது, தொடாமல் வைச்சிருப்பம், நாளைக்குப் பொலிஸ் வந்து கேட்டாலும் எண்டு நான் இவருக்குச் சொன்னன். இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். உது பார்னத்ரிக்ட், பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கெண்டு அரசாங்கம் மாதாமாதம் குடுக்கிறது, தாயின்ரை பேருக்குத்தான் வரும் எண்டார். நாங்கள் கேக்கேல்லையே எண்டன். கேக்கத் தேவையில்லை, பிள்ளை பிறந்ததே காணும் எண்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன். ஊரிலை ரேசன் கூப்பன் அட்டையிலை ஒரு பேர் சேர்க்கிறதுக்குக் கிராம சேவகர் வீட்டு வாசலிலை வெய்யிலுக்கை நிண்டு, அவர் சாப்பிட்டு நித்திரை கொண்டு எழும்பி வந்து நாளைக்கு வாருங்கோ எண்டு சொல்ல, பேசாமல் திரும்பி வந்த சனம் நாங்கள். இஞ்சை என்னெண்டால் வடிவாய்க் கண் முழிக்காத ஒரு பச்சைக் குழந்தை, இன்னும் பேர் கூட வைக்கேல்லை, அதுக்குள்ளை ஒரு நாடு அதைக் கணக்கிலை எடுத்திட்டுது. அண்டைக்கு முழுக்க நான் மகளின்ரை முகத்தைப் பாத்துப் பாத்து, எடியே உனக்கு இஞ்சை பெரிய மரியாதையடி எண்டு சொல்லிக்கொண்டிருந்தன்.

அந்த மரியாதை கேக்காமலே வந்தது. இன்னொண்டு இருக்குது, அது கேட்டால்தான் வரும். அதை எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறன்.

மகளுக்கு ஐஞ்சு வயசு நடக்கேக்கை அவளுக்குத் தண்ணி விடாய் வந்தது. குடிக்கிறாள், குடிக்கிறாள், குடிச்சு முடியேல்லை. குளியலறைப் பைப்பிலை வாயை வைச்சுக் குடிப்பாள், குடிச்ச கையோடை மூத்திரம் பெய்ய ஓடுவாள். காற்சட்டையெல்லாம் இடுப்பிலை நிக்காமல் தொளதொளவெண்டு போச்சுது. உயரப் போறாள், அதுதான் மெலியிறாள் எண்டு நான் நினைச்சன். பாலர் பள்ளியிலை அவளைப் பாக்கிற பெம்பிளைதான் ஒரு பின்னேரம் என்னை மறிச்சு, நாளைக்கில்லை, இண்டைக்கே டொக்டரிட்டைக் கொண்டு போ எண்டா. டொக்டர் பாத்தார், அங்கையிருந்து நேரை ஆசுப்பத்திரி. சீனி வருத்தம் எண்டு சொல்லிச்சினம்.

எனக்குக் கோவம் எப்பவும் மூக்கு நுனியிலை. சீனி வருத்தமெண்டால் வயசு போனதுகளுக்கு வாறது, ஆற்றையோ ரத்தத்தை என்ரை பிள்ளையின்ரை எண்டு மாறிப் பாத்திட்டியள் எண்டு அந்த ஆசுப்பத்திரி டொக்டரோடை சண்டைக்குப் போனன். அவன் ஒரு சின்னப் பெடியன் மாதிரி இருந்தான். ஒரு சொல் கோவிக்கேல்லை. மகளின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்து, ஒரு தாளிலை படம் கீறிக் காட்டினான். இது இனிப்புத் திண்டு வந்ததில்லை, அம்மாவாலையும் வந்ததில்லை, உடம்பே பிழை விட்டு உள்ளுக்கை ஒரு உறுப்பை நிப்பாட்டிப் போட்டுது எண்டான். இவ்வளவு நாளும் அந்த உறுப்பு செய்த வேலையை இனி நீங்கள் வெளியிலை இருந்து செய்யவேணும், விரலிலை குத்திச் சீனியைப் பாக்கவேணும், பாத்து ஊசி போடவேணும், பகலிலையும் இரவிலையும் எண்டான்.

பிறகு அதைச் செய்யத் தொடங்கினாப் பிறகுதான் எனக்கு மலைப்பாய்ப் போச்சுது. ஒரு வாய் சோறு திண்டால் அதுக்கு எவ்வளவு, ஓடி விளையாடினால் எவ்வளவு, காய்ச்சல் வந்தால் எவ்வளவு, சிரிச்சால் அழுதால் எவ்வளவு எண்டு நானும் இவரும் தாளும் பேனையுமாய் இருந்து மண்டையை உடைப்பம். அப்பவும் பிழைக்கும். என்ரை இடுப்பு உயரத்துக்கு நிண்ட ஒரு குட்டி உடம்பு இதையெல்லாம் ஒருத்தருக்கும் சொல்லாமல், ஒரு பிழையும் விடாமல், நித்திரையிலையும் செய்துகொண்டு இருந்திருக்குது. மற்றப் பிள்ளையள் பள்ளி முற்றத்திலை ஓடுறதைப் பாக்கேக்கை, உதுகளுக்குள்ளை எவ்வளவு பெரிய வேலை நடக்குது எண்டு நான் நிண்டு பாத்துக்கொண்டே இருப்பன்.

வெளியிலை ஒருத்தருக்கும் நாங்கள் சொல்லேல்லை. இவரின்ரை தமக்கை, எனக்கு மச்சாள், ஹொல்ம்லியாவிலை இருக்கிறா. அவவுக்கு ஒரு விசயம் தெரிஞ்சால் மத்தியானத்துக்குள்ளை ஹொல்ம்லியா முழுக்கத் தெரியும், பின்னேரம் ஒஸ்லோ முழுக்க, ராவைக்கு ரெலிபோன் அட்டையிலை யாழ்ப்பாணத்துக்கும் போயிடும். பெட்டைப் பிள்ளையெல்லோ, நாளைக்கு ஒரு இடத்திலை கட்டிக் குடுக்கவேணுமெல்லோ எண்டார் இவர். பிள்ளைக்கு ஐஞ்சு வயசு, பால் பல்லு விழேல்லை, மனிசன் மாப்பிள்ளை தேடுறார். ஆக்கள் வந்தால் மகளைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் விரலிலை குத்துவன். தண்ணியைத் திறந்து விடுவன், சத்தம் கேக்காமல்.

கலியாணப் பேச்சு இவரின்ரை பயம். என்ரை பயம் வேறை. பிள்ளைக்கு ஏலாது, பிள்ளை பாரம் எண்டு தாய் வாயாலை சொன்னால் அது அப்பிடியே பலிச்சுப் போகும் எண்டு எங்கடை ஆக்களுக்குள்ளை ஒரு எண்ணம் இருக்குது. மற்றவையின்ரை நாவூறு பட்டால் கழிச்சுப் போடலாம். தாயின்ரை நாவிலை இருந்து விழுந்தால் என்னத்தாலை கழிக்கிறது? அதாலை ஆர் கேட்டாலும், ஆசுப்பத்திரியிலை கேட்டாலும், பள்ளியிலை கேட்டாலும், எனக்கு ஒரே மறுமொழிதான். 'ஆல்ட் பிரா.' எல்லாம் நல்லாயிருக்குது. நொஸ்க், அதுதான் நோர்வே பாசை, அதிலை நான் முதல் படிச்ச சொல்லும் அதுதான், கூடப் பாவிச்ச சொல்லும் அதுதான்.

நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவிலை ஒரு அடுக்குமாடியிலை இருந்தம். இவர் முந்தி வடக்கிலை பாட்ஸ்பியோர்டிலை மீன் வெட்டின ஆள். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஒரு பேக்கரியிலை வேலை, நடுச்சாமம் கழிய எழும்பிப் போயிடுவார். நான் பின்னேரம் ரெயின் எடுத்துப் பட்டினத்துக்குப் போய் அலுவலகங்கள் துப்பரவாக்கிப்போட்டு வருவன். நான் வேலையாலை வர இவர் நித்திரைக்குப் போவார், நான் கொஞ்சம் கண்ணயர இவர் வேலைக்குப் போவார். ஆக இரவு முழுக்க என்ரை. மணிக்கூட்டிலை அலாரம் வைச்சு வைச்சு எழும்பி அவளின்ரை சீனியைப் பாக்கவேணும். இரவிலை சீனி கீழை இறங்கினால் பிள்ளை நித்திரையிலையே மயங்கிப் போகலாம், ஒருத்தருக்கும் தெரிய வராது.

ஒருநாள் விடிய மணிக்கூடு அடிச்சது எனக்குக் கேக்கேல்லை. அவ்வளவு அலுப்பு. வேறை ஏதோ சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பிப் போய்ப் பாத்தால் பிள்ளை வேர்த்து ஊத்திக்கொண்டு கிடக்கிறாள், கூப்பிட்டால் கண் திறபடுது, ஆனால் என்னைப் பாக்கேல்லை. தேனை எடுத்துக் கன்னத்துக்குள்ளை தேச்சுத் தேச்சு அவளைத் திருப்பி எடுத்தன். எடுத்தாப் பிறகும் விடியும்வரைக்கும் அவளை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன்.

ஆசுப்பத்திரியிலை இந்த வருத்தத்துக்கெண்டே ஒரு தாதி இருக்கிறா. அவ என்ரை முகத்தைப் பாத்திட்டு, நீ எப்ப நித்திரை கொள்ளுறனீ எண்டு கேட்டா. நான் ஆல்ட் பிரா எண்டன். அவ அதைக் காதிலை விழுத்தேல்லை. உனக்கு யெல்பஸ்தோனாட் எடுக்கலாம், ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை எண்டா. யெல்பஸ்தோனாட் எண்டால் உதவித்தொகை. அதே வயசிலை சுகமாய் இருக்கிற ஒரு பிள்ளையைப் பாக்கிறதை விடக் கூடக் கவனிப்பும் காவலும் ஒரு பிள்ளைக்குத் தேவைப்பட்டால், அந்தக் கூடுதலான வேலையைத் தாய் தகப்பன் செய்யினமெண்டால், அதுக்குக் குடுக்கிறது. நான் அவவை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னன். என்ரை பிள்ளையை நான் பாக்கிறதுக்கோ? ஓம், அதுக்குத்தான் எண்டா.

அது வந்தால் பின்னேர வேலையை விடலாம். பின்னேரம் படுத்து எழும்பினால் இரவிலை மணிக்கூடு கேக்கும். மற்றவைக்கு அது காசு, எனக்கு அது நித்திரை. என்ரை நித்திரை எண்டால் அவளின்ரை உயிர். வீட்டை வரேக்கை ரெயினிலை இருந்து இதையேதான் நினைச்சுக்கொண்டு வந்தன்.

படிவத்தை இவர்தான் எழுதினார், அவருக்கு எழுத்து வடிவு. கேள்வியை வாசிப்பார், நான் மறுமொழி சொல்லுவன். சாப்பாட்டுக்கு உதவி வேணுமோ? அவள் தானாய்ச் சாப்பிடுவாள், கெட்டிக்காரி. உடுப்புப் போட? தானாய்ப் போடுவாள். இரவிலை? நல்ல நித்திரை. வெளியிலை விளையாட? மற்றப் பிள்ளையளை விட நல்லாய் ஓடுவாள். இப்பிடியே போய்க் கடைசியிலை, பிள்ளையைப் பராமரிக்கிறது உங்களுக்கு எவ்வளவு பாரமாய் இருக்குது எண்டு ஒரு கேள்வி. இவர் பேனையைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்தார். நான் சாமியறைப் பக்கம் பாத்தன். எழுதுங்கோ, என்ரை பிள்ளை எனக்கு ஒருநாளும் பாரமில்லை எண்டு சொன்னன். மனிசன் அதை முத்து முத்தாய் எழுதினார். காகித உறைக்குத் திருநீறும் பூசித்தான் தபாலிலை போட்டம்.

மறுமொழி வந்தது. இல்லை எண்டு. மரியாதையான கடிதம். பிள்ளை நல்லாய் இருக்கிறா எண்டு அறிஞ்சது சந்தோசம், ஆனால் நீங்கள் எழுதினதைப் பாத்தால் அவவின்ரை வயசுப் பிள்ளையளை விடக் கூடின கவனிப்பு அவவுக்குத் தேவைப்படுகிற மாதிரித் தெரியேல்லை எண்டு எழுதியிருந்தது. எனக்கு உச்சி கொதிச்சுது. திருநீறு பூசினது வேலை செய்யேல்லை எண்டு இவரைப் பேசினன், அவர் என்ன செய்வார் பாவம். வெளிக்கிடுங்கோ எண்டு அவரையும் இழுத்துக்கொண்டு அந்தக் காசைக் குடுக்கிற அரசாங்கக் காப்புறுதி அலுவலகத்துக்குப் போனன்.

எங்கடை அலுவலைப் பாக்கிற பெம்பிளை நல்ல உயரம், நரைச்ச கட்டைத் தலைமயிர், கண்ணாடி ஒரு நூலிலை கழுத்திலை தொங்கிக்கொண்டு இருந்தது. நான் வாசலிலையே தொடங்கிட்டன். எனக்குத் தெரிஞ்ச நொஸ்க் எல்லாத்தையும் கொட்டினன், அது ஒரு சிரட்டையிலை அடங்கிற அளவுதான். அவ என்னை இருக்கச் சொல்லிப்போட்டு, நாங்கள் அனுப்பின படிவத்தை எடுத்து என்ரை பக்கம் திருப்பி வைச்சா. இவரின்ரை முத்து எழுத்து. நான் இதுக்கு என்ன செய்யட்டும், ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள் எண்டா. நான் பொய் எழுதேல்லை எண்டன். நான் சொல்லுறதிலை ஏதோ ஒண்டு குறையுதெண்டு அவவுக்குப் பட்டிருக்கவேணும். அடுத்த முறை ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைச்சுக் கதைப்பம் எண்டா.

வேண்டவே வேண்டாம் எண்டு நானும் இவரும் ஒரே நேரத்திலை சொன்னம். ஒஸ்லோவிலை மொழிபெயர்க்கிற தமிழாக்கள் எங்கடை கோயிலுக்கு வாறவை, எங்கடை கலியாணவீட்டிலை பந்தியிலை இருக்கிறவை. வெளியிலை சொல்லமாட்டம் எண்டு அவை சத்தியம் செய்து குடுக்கிறவைதான். ஆனால் எங்களுக்கு எங்கடை சனத்தைத் தெரியாதே? இவர் தத்தித் தத்தி அதை அவவுக்கு விளங்கப்படுத்தினார். அவ சிரிக்கேல்லை. அப்ப ரெலிபோனிலை எடுப்பம் எண்டா. தூரத்து ஊரிலை இருக்கிற ஒருத்தர், உங்கடை பேரை நான் அவருக்குச் சொல்லமாட்டன், அவரின்ரை பேரை உங்களுக்குச் சொல்லமாட்டன், அவர் உங்களைக் காணவும் மாட்டார் எண்டா.

வீட்டை வரேக்கை இவர், இஞ்சேரும், உவை எங்கடை வெக்கத்துக்கும் ஒரு வழி யோசிச்சு வைச்சிருக்கினம் எண்டார். நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தன். பொல்லாத நாடு.

அடுத்த கிழமை போனம். மகள் பள்ளிக்கூடத்திலை. மேசைக்கு நடுவிலை ரெலிபோனை வைச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி வைச்சா. அங்காலை இருந்து ஒரு ஆம்பிளைக் குரல், "வணக்கம், சொல்லுங்கம்மா" எண்டுது. இந்தியத் தமிழ்! எனக்கு அப்பாடா எண்டு இருந்தது. ஆரோ மதுரையோ சென்னையோ, இவருக்கும் எங்கடை கோயிலுக்கும் ஹொல்ம்லியா மச்சாளுக்கும் ஒரு தொடுசலும் இல்லை. இவர் மேசைக்குக் கீழை என்ரை கையைத் தட்டினார்.

அந்தப் பெம்பிளை, மகளின்ரை வருத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டா. நான் வாயைத் திறந்தன். வந்தது திருப்பியும் அவள் நல்லாய் இருக்கிறாள் எண்டதுதான். பிறகு எனக்கே என்னிலை கோவம் வந்து, தாய் வாயாலை சொல்லக்கூடாது, பலிச்சுப் போகும், அதுதான் எழுதேல்லை எண்டு உடைச்சுச் சொல்லிப்போட்டன். நாவூறு எண்டன். நாவூறுன்னா கண் திருஷ்டி மாதிரிங்களா எண்டு ரெலிபோன் கேட்டுது. அதுமாதிரித்தான், கண்ணுக்குப் பதிலாய் நாக்கு எண்டன். அதை அவர் நொஸ்கிலை சொல்லக் கனநேரம் எடுத்தார்.

அவ கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சா. இதையும் சிரிக்காமல் கேட்டா எண்டதுதான் எனக்கு இண்டைக்கும் புதினம். பிறகு அவ நொஸ்கிலை சொன்னதை அந்தக் குரல் தமிழிலை சொல்லிச்சுது:

"அப்போ குழந்தையைப் பத்திச் சொல்ல வேண்டாம். குழந்தைக்கு என்னன்னு டாக்டர் எழுதிட்டாரு. நீங்க உங்களைப் பத்திச் சொல்லுங்க. சாயங்காலத்திலிருந்து விடியற வரைக்கும் நீங்க என்ன செய்யறீங்க?"

என்னைப் பற்றியோ எண்டு கேட்டன். என்னைப் பற்றி இந்த நாட்டிலை ஆரும் கேட்டதில்லை. ஏன், ஊரிலையும் கேட்டதில்லை. என்னைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அது பிள்ளையைத் தொடாது. தொட்டால் என்னைத் தொடட்டும். அப்பதான் எனக்கு நாக்கு அவிழ்ந்துது.

சோத்தைத் தராசிலை நிறுத்துத்தான் போடுவன் எண்டு தொடங்கினன். நிறுத்துப் போட்டு ஊசியையும் போட்டால், போட்ட அளவுக்கு அவள் சாப்பிட்டு முடிக்கவேணும், அதாலை முன்னாலை இருந்து அவளைப் பாக்காத மாதிரிப் பாத்துக்கொண்டு இருப்பன் எண்டு சொன்னன். காணும் எண்டு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினால் கதை சொல்லிச் சொல்லி மிச்சத்தை ஊட்டி முடிப்பன் எண்டு சொன்னன். ஊசிக்குப் பயத்திலை கட்டிலுக்குக் கீழை போய் ஒளிப்பாள், நானும் ஊர்ந்து உள்ளுக்கை போய் அங்கை வைச்சே போடுவன், நீ கூடாத அம்மா எண்டு சொல்லுவாள், ஓமடி நான் கூடாதவள்தான் எண்டு சொல்லிக்கொண்டு போடுவன். வேலையிலை கூட்டுமாறைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடி நித்திரை கொண்டிருக்கிறன். வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்ட முதல் அவளின்ரை கழுத்திலை கையை வைச்சு வேர்க்குதோ எண்டு பாப்பன். விரலின்ரை நடுவிலை குத்தினால் நோகும், கரையிலை குத்துவன், நேற்றுக் குத்தாத விரலாய்ப் பாத்துக் குத்துவன், இப்ப அந்தப் பிஞ்சு விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சுது. சீனி இறங்கியிருந்தால் அரை நித்திரையிலை பழச்சாறு பருக்குவன், புரையேறாமல் தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு. பருக்கினாப் பிறகு பல்லுச் சொத்தையாகப் போகுதெண்டு துணியாலை துடைப்பன். பிறகு சீனி ஏறும்வரைக்கும் அவளின்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்திலை இருப்பன். கதிரையிலை இருந்தால் கண் அயர்ந்திடும், அதுதான் நிலத்திலை.

நான் ஒவ்வொரு துண்டாய்ச் சொல்லச் சொல்ல அந்தக் குரல் நொஸ்கிலை சொல்லிக்கொண்டு வந்தது. மொழிபெயர்க்கிறவைக்கு ஒரு வழக்கம் இருக்குது, எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். அவ இப்பிடிச் சொல்லுறா எண்டு சொல்லமாட்டினம். கதைக்கிற ஆளாவே நிண்டு நான் எண்டுதான் சொல்லுவினம். எங்கையோ ஒரு ஊரிலை இருக்கிற ஒரு ஆம்பிளை, தடிச்ச குரல், நான் கட்டிலுக்குக் கீழை ஊர்ந்து போறன் எண்டு சொல்லுறார். நான் அவளின்ரை கழுத்திலை கையை வைக்கிறன் எண்டு சொல்லுறார். நான் கூடாத அம்மாதான் எண்டு சொல்லுறார். எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சுது. இவ்வளவு நாளும் ஒரு வீட்டுக்குள்ளை, ஒரு அறைக்குள்ளை, ஒருத்தருக்கும் தெரியாமல் நடந்ததை இப்ப இன்னொருத்தர் தன்ரையாய்ச் சொல்லுறார். நான் தனிய இல்லை எண்ட மாதிரிக் கிடந்தது. நான் செய்தது சின்னக் காரியமில்லை எண்டும் முதன்முதலாய் அப்பதான் எனக்குப் பட்டுது. ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், நான் பிரமிச்சுப் போய் என்ரை கதையையே காது குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன்.

நிலத்திலை இருக்கிறதைச் சொன்னாப் பிறகு ரெலிபோனிலை சத்தம் இல்லை. அறுந்து போச்சுதாக்கும் எண்டு நினைச்சன். பிறகு அந்தக் குரல் முதலிலை நொஸ்கிலையும் பிறகு தமிழிலையும், "மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நிமிஷம் வேணும்" எண்டு சொல்லிச்சுது. தன்னைச் சொல்லேக்கை மட்டும் அவை நான் எண்டு சொல்லமாட்டினம், அதுவும் அவையின்ரை வழக்கம். தூரத்திலை ஆரோ தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டுது. நான் இவரைத் திரும்பிப் பாத்தன். மனிசன் தலையைக் குனிஞ்சு கொண்டு, என்ரை கைப்பையை மடியிலை வைச்சு அதின்ரை வாரைத் தடவிக்கொண்டு இருந்தார்.

அந்தப் பெம்பிளை எல்லாத்தையும் தட்டச்சு அடிச்சு, திருப்பி எனக்கு வாசிச்சுக் காட்டினா. சரியோ எண்டு கேட்டா. சரி எண்டன். முடிவு எடுக்கிறது நான் தனிய இல்லை, ஆனால் இது வேலை, இதை வேலை எண்டு நான் எழுதப் போறன் எண்டா. வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடிச்சு விட்டா. அவ என்ரை பிள்ளையை ஒருநாளும் கண்டதில்லை, பிறகும் காணேல்லை.

கொஞ்சக் கிழமையாலை ஓம் எண்டு கடிதம் வந்தது. இவர் அதைச் சத்தமாய் வாசிச்சார், வாசிச்சு முடிய நான் திருப்பி வாசிக்கச் சொன்னன். எங்கடை பேரும் முகமும் தெரியாத ஆரோ ஆக்கள், எந்தக் காலத்திலையோ ஒரு மேசையைச் சுத்தி இருந்து, ஒரு வீட்டிலை ஒரு பிள்ளை சுகமில்லாமல் கிடக்கும், அதின்ரை தாய் முழிச்சுக்கொண்டு இருப்பாள், அவளுக்கும் ஒரு வழி செய்யவேணும் எண்டு யோசிச்சிருக்கினம். யோசிச்சு அதைச் சட்டமாய் எழுதி வைச்சிருக்கினம். நான் பிறக்க முதலே எழுதியிருப்பினம் போலை. சாமியறையிலை அண்டைக்கு நான் கன நேரம் நிண்டன், எந்தச் சாமிக்கு நன்றி சொல்லுறதெண்டு தெரியாமல்.

பின்னேர வேலையை விட்டன். முதல் பின்னேரம் படுத்தவள் இவர் வந்து தட்டித்தான் எழும்பினன். அந்த இரவு மணிக்கூடு முதல் அடியிலையே எனக்குக் கேட்டுது. அதுக்குப் பிறகு ஒரு இரவும் கேக்காமல் விட்டதில்லை. நாக்காலை விழுந்த ஒண்டும் பிள்ளையிலை பலிக்கவும் இல்லை. அவளின்ரை கன்னம் திருப்பிச் சதை பிடிச்சு வந்தது. நான் பயந்த அளவுக்கு என்ரை நாக்குக்குச் சக்தி இல்லை எண்டு இவர் பகிடி பண்ணினார். நான் பிள்ளையைப் பற்றியே சொன்னனான், என்னைப் பற்றித்தானே சொன்னன், உங்களுக்கு அது இன்னும் விளங்கேல்லை எண்டன்.

அடுத்த மாசியிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் சாப்பிட வந்தா. வெளியிலை நல்ல பனி. ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் வைச்சுக்கொண்டு எல்லாரும் மேசைக்கு வர, மகள் விரலிலை குத்திற பெட்டியைக் கையிலை எடுத்துக்கொண்டு வந்து, அம்மா, குளியலறைக்கோ, இஞ்சையோ எண்டு கேட்டாள். இவர் என்னைப் பாத்தார். மச்சாள் பெட்டியைப் பாத்தா. நான் ஒருக்கா மூச்சை எடுத்து, இஞ்சை எண்டன்.

மச்சாளுக்குக் கண் பிதுங்கிப் போச்சுது. பிறகு எல்லாத்தையும் சொன்னன். எத்தினை வருசமாய் எண்டா, எங்களுக்கேன் சொல்லேல்லை எண்டா, பாவற்காய்ச் சாறு குடுத்துப் பாத்தியோ எண்டா. நான் கோவிக்கேல்லை, அதுவே ஒரு பெரிய காரியம். இரவிலையும் குத்திறனீயோ, பச்சைப் பிள்ளையை நித்திரையாலை எழுப்பியோ எண்டு கடைசியிலை கேட்டா. எனக்கு அதிலை கொஞ்சம் பெருமை உண்டு. எழுப்பிறேல்லை மச்சாள், என்ரை கை பழகிட்டுது, ஒருக்காலும் அவளுக்குத் தெரிஞ்சதில்லை எண்டு சொன்னன்.

"எனக்குத் தெரியும்," எண்டாள் மகள், புட்டைக் குழைச்சுக்கொண்டு.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பாத்தம். அவள் எங்களைப் பாக்கேல்லை.

"அம்மா கழுத்திலை கை வைக்கேக்கை நான் முழிச்சிடுவன். நான் முழிச்சனான் எண்டு தெரிஞ்சால் அம்மாவுக்குக் கவலை வரும். அதுதான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறனான்."

இவர் எழும்பிக் குசினிக்குப் போயிட்டார். அந்த நிலத்திலை நான் இருந்த இரவெல்லாம், என்ரை கைக்குள்ளை காலைத் தந்துபோட்டு, தான் நித்திரை எண்டு என்னை நம்பப் பண்ணிக்கொண்டு, அவளும் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஐஞ்சு வயசிலை இருந்து. என்ரை வயித்திலை பிறந்தது என்னெண்டு எனக்கே தெரியாமல் கிடந்திருக்குது.

அண்டைக்கிரவு மணிக்கூடு அடிக்க எழும்பிப் போனன். அவளின்ரை கழுத்திலை கையை வைச்சன். கண் மூடித்தான் கிடந்தது. முழிச்சோ கிடக்கிறாய் எண்டு கேட்டன்.

"ஓம்" எண்டு சொல்லி, கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினாள்.